பவுடர் போடாதீர்கள்: ஒன்பது பந்துக் கேள்வி பதில்

மேசையில் பந்துகளைத் தடியால் அடித்துக் குழிகளுக்குள் போடும் 'ஒன்பது பந்து' ஆட்டத்தில், 2025இல் ஜெத்தாவில் பிலிப்பைன்ஸின் கார்லோ பியாடோ உலகச் சம்பியன் ஆனதைப் பற்றி நாலு வரி எழுதப்போய் மாட்டிக்கொண்டேன். கேள்விக்கு மேல் கேள்வி. எல்லாவற்றையும் சேர்த்து இங்கே பதில் சொல்லி முடிக்கப் பார்க்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: கட்டாரில் ஏழு வருடம் இந்த மேசைகளைப் பொருத்தி, துணி இழுத்து, மட்டம் பார்த்த ஆள் நான். இப்போது பரந்தனில் இரண்டு மேசை போட்டிருக்கிறேன். பெரிய ஆட்டக்காரன் இல்லை. ஆனால் உங்கள் பந்து ஏன் இடப்பக்கம் இழுக்கிறது என்று கேட்டால் மேசைக்குக் கீழே படுத்துக் காரணம் சொல்வேன்.

இந்த ஆட்டத்தின் ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுத்துக் கூட்டினால் என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும். என் அம்மாவும் இதை வாசிக்கிறா. ஆகவே 'ஒன்பது பந்து' என்றுதான் எழுதுவேன்.

கிளிநொச்சித் தம்பி ஒருவர்: அண்ணை, ஸ்னூக்கர் கொஞ்சம் பார்த்திருக்கிறேன். இது அதுதானே?

இல்லை. ஸ்னூக்கர் மேசை 12 அடி, 22 பந்து, ஒரு பந்தின் விட்டம் 52.5 மில்லிமீற்றர். இது 9 அடி மேசை. தடியால் அடிக்கும் வெள்ளையோடு சேர்த்து 10 பந்துதான் (மற்றவற்றுக்கு 1 முதல் 9 வரை இலக்கம்), ஆனால் பந்து பெரிது, 57.15 மில்லிமீற்றர். மேசையில் இருப்பவற்றில் ஆகக் குறைந்த இலக்கத்தை வெள்ளை முதலில் தொட வேண்டும். தொட்ட பிறகு எது விழுந்தாலும் கணக்குத்தான். 9 விழுந்தால் அந்தக் கேம் முடிந்தது, அது முதல் அடியிலேயே விழுந்தாலும் சரி. ஃபவுல் விட்டால் எதிராளி வெள்ளையைக் கையில் எடுத்து விரும்பிய இடத்தில் வைத்து அடிக்கலாம். தரமான ஆட்டக்காரனிடம் அப்படி ஒருதரம் வெள்ளையைக் கொடுத்தால் நீங்கள் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம்.

புதுக்குடியிருப்புத் தம்பி: நான் எங்கட வாசிகசாலையில் கரம் சம்பியன். இதில் நிற்கலாமோ?

இதே கேள்வியை ஏழு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருதரம் வடிவாகச் சொல்லிவிடுகிறேன்.

கரத்தில் நம்மவர்கள் சும்மா ஆட்கள் இல்லை. 2012இல் கொழும்பில் நடந்த உலகப் போட்டியில் பட்டம் எடுத்தவர் நம் நாட்டு நிஷாந்த பெர்னாண்டோ. வன்னியில் மாரி காலத்தில் மின்சாரம் போனால் லாம்பை வைத்துக்கொண்டு ஆடும் ஊர்கள் உண்டு. வெட்டிப் போடுவது, கட்டையில் பட்டுத் திரும்ப விடுவது, எந்தக் கோணத்தில் காய் போகும் என்று கண்ணால் அளப்பது எல்லாம் உங்களுக்கு வரும். என் கடைக்கு முதல்நாள் வரும் கரம் பெடியள் பந்து போடுவதைப் பார்த்து நானே வாயைப் பிளந்திருக்கிறேன்.

சிக்கல் அடுத்த அடியில். கரத்தில் காயைப் போட்டதும் ஸ்ரைக்கரை எடுத்து உங்கள் கோட்டில் விருப்பமான இடத்தில் வைக்கிறீர்கள். ஸ்ரைக்கர் எங்கே போய் நின்றது என்று இருபது வருடம் ஆடியவனும் கவலைப்பட்டதில்லை, அது குழிக்குள் விழாவிட்டால் சரி. இங்கே வெள்ளை நின்ற இடத்தில் இருந்துதான் அடுத்த அடி. 1ஐப் போடுவது பெரிய காரியம் இல்லை. போட்ட கையோடு வெள்ளை 2க்கு நேரே வர வேண்டும், அதுவும் 2ஐப் போட்டால் 3க்கு வரக்கூடிய பக்கமாக. உலகப் போட்டி ஆடுபவர்கள் மூன்று பந்து முன்னால் யோசிக்கிறார்கள். அதனால்தான் அவர்களுடைய அடிகள் பார்க்கச் சப்பென்று இருக்கும். கடினமான அடி அடிக்க வேண்டி வந்தால் முந்தின அடியில் பிழை விட்டிருக்கிறான் என்று அர்த்தம்.

ஆகவே தம்பி, நிற்கலாம். ஒரு வருடம் பந்து போடுவதை மறந்துவிட்டு வெள்ளை எங்கே நிற்கிறது என்று மட்டும் பாருங்கள்.

இன்னொன்று. கரம் பவுடரைக் கொண்டு வந்து என் மேசையில் கொட்டாதீர்கள். போன வருடம் புதுத் துணி இழுத்த அன்று பின்னேரமே இரண்டு பேர் "அண்ணை, வழுக்கேல்லை" என்று அரை டப்பா தூவிவிட்டார்கள். அது கம்பளித் துணி. பவுடர் நூலுக்குள் இறங்கினால் தும்புத்தடியாலும் வராது.

மாங்குளம்: பரிசு எவ்வளவு?

2024இலும் 2025இலும் ஜெத்தாவில் மொத்தம் 10 இலட்சம் டொலர், வென்றவருக்கு 250,000.

பெயர் போடாத ஒருவர்: அடுத்த முறை யாரில் காசு கட்டலாம்?

யாரிலும் வேண்டாம். என் கடையில் ஐந்நூறு ரூபாய்க்குக்கூட பந்தயம் இல்லை. அடுத்த கேள்வி.

முள்ளியவளைக் கணித மாஸ்ரர் (ஓய்வு): தம்பி, கோபிக்க வேண்டாம். தற்செயலாக 9 விழுந்தாலும் வெற்றி என்கிறீர். ஸ்னூக்கரில் ஒரு தற்செயல் சில புள்ளிகள்தான் தரும். இதில் முழுக் கேமும் போகிறது. இது விளையாட்டா, லொத்தரா?

வாங்கோ மாஸ்ரர். ஒரு கேமில் அதிர்ஷ்டம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உலகப் போட்டியில் ஒரு கேமில் யாரும் வெல்வதில்லை. 2019 இறுதிப் போட்டியை நான் தோஹாவில் நேரில் பார்த்தேன். 13 கேம் முதலில் எடுத்தவர் சம்பியன். ஃபெடோர் கோர்ஸ்ற்றுக்கு அப்போது 19 வயது. தாய்வானின் சாங் ஜுங்-லின்னை 13-11 என்று வென்றார். (சாங் 2024இல் காலமாகிவிட்டார். அவர் அடிக்கும்போது தடியில் சத்தமே வராது.)

கணக்கையும் பாருங்கள். ஒரு கேமை வெல்லும் வாய்ப்பு ஒருவருக்கு 100க்கு 60 என்று வைப்போம். 13 கேம் வரை ஆடினால் அவர் போட்டியை வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய 85 ஆகிறது. ஆட்டம் நீள நீள அதிர்ஷ்டம் தேய்கிறது. பிரேக், அதாவது கேமின் முதல் அடி, அடித்த பிறகு 1 மற்றப் பந்துகளுக்குப் பின்னால் மறைந்திருந்தால் 'தள்ளி விடும் அடி' என்று ஒன்றும் இருக்கிறது. எந்தப் பந்தையும் தொடாமலே வெள்ளையை எங்கேயாவது நகர்த்திவிட்டு எதிராளியிடம் "நீ அடிக்கிறாயா, நான் அடிக்கவா?" என்று கேட்கலாம். தற்செயலாக வந்த மறைப்புக்கு ஒருவன் தண்டனை அனுபவிக்கக் கூடாது என்று வைத்த விதி அது.

மாஸ்ரர் மறுபடியும்: 85 சரி, நானும் போட்டுப் பார்த்தேன். ஆனால் கடைசி 64 பேரில் இருந்து பட்டம் வரைக்கும் ஆறு போட்டி தொடர்ந்து வெல்ல வேண்டும். 0.85ஐ ஆறு தரம் பெருக்கும். 0.38 வரும். உலகத்திலேயே திறமான ஆள் மூன்று தரம் நின்றால் ஒருதரம்தான் வெல்வான். நான் சொன்னது பிழையோ?

மாஸ்ரர், இதற்கு ஒரு இரவு முழுக்க யோசித்தேன்.

பெருக்கல் சரி. ஆனால் ஆறு எதிராளியும் ஒரே பலம் என்று வைத்தது உங்கள் வசதிக்கு. முதல் சுற்றில் வருபவனிடம் 60 இல்லை, 75கூட இருக்கும். கடைசி 64க்கு முந்தின சுற்றுகளில் ஒரு தோல்விக்கு மன்னிப்பும் உண்டு, இரண்டாவது தோல்வியில்தான் வீடு.

இருந்தாலும் நடந்த கதை உங்கள் பக்கம்தான் சாய்கிறது, மறைக்கவில்லை. 2015இல் இருந்து 2025 வரை பத்துப் பட்டங்கள், 2020இல் நடக்கவில்லை. வென்றவர்கள்: கோ பின்-யி, அல்பின் ஊஷான், பியாடோ, ஜோஷுவா ஃபில்லர், கோர்ஸ்ற், திரும்ப ஊஷான், ஷேன் வான் போனிங், ஃபிரான்சிஸ்கோ சான்செஸ் ரூயிஸ், திரும்ப கோர்ஸ்ற், திரும்ப பியாடோ. பத்துப் பட்டத்துக்கு ஏழு பெயர். வான் போனிங்கை எடுங்கள். 2015 இறுதியில் 11-13 என்று தோற்றார், 2016 இறுதியிலும் தோற்றார், 2022இல்தான் எடுத்தார். லொத்தர் என்றால் ஒரே மனிதனுக்கு மூன்றுதரம் இறுதிக்கு வரும் சீட்டு எப்படி விழுந்தது? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

துணுக்காய்: மாஸ்ரர், எங்களுக்கு இந்த மாதிரி உதாரணம் தந்திருந்தால் நிகழ்தகவு பாஸ் பண்ணியிருப்போம்.

இதைக் கேள்வியாக எடுக்கவில்லை. ஆனால் உண்மை.

மாஸ்ரர்: 2024 இறுதி 15-14. அதாவது 29 கேம் ஆடியும் யார் கெட்டிக்காரன் என்று தெரியவில்லை.

கோர்ஸ்ற்றும் எக்லென்ற் காச்சியும். தெரியவில்லைத்தான், இரண்டு பேரும் கெட்டிக்காரர் என்பதைத் தவிர. மாஸ்ரர், கொஞ்சம் பொறுங்கள். மற்றவர்களும் வரிசையில் நிற்கிறார்கள்.

நெடுங்கேணித் தங்கச்சி: பெண்கள் ஆடுவதில்லையா அண்ணா?

ஆடுகிறார்கள். இங்கிலாந்தின் அலிசன் ஃபிஷர் ஸ்னூக்கரில் உலகச் சம்பியனாக இருந்துவிட்டு ஒன்பது பந்துக்கு மாறி, உலகப் பட்டத்தை நான்கு தரம் எடுத்தவர். மேலே சொன்ன அல்பின் ஊஷானின் அக்கா ஜாஸ்மின் பெரிய ஆட்டக்காரி. 2024இல் பட்டம் பிலிப்பைன்ஸின் ரூபிலன் அமித்துக்கு. என் கடையில் ஞாயிறு காலை பத்து மணி வரை பெண்பிள்ளைகளுக்கு மட்டும். சிநேகிதிகளையும் கூட்டி வாருங்கள், காசு வேண்டாம். உங்களிடம் பவுடர் பற்றிச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

அக்கராயன்: அண்ணை, கரம் நல்லாய் ஆடுவேன், இதுக்கு...

மேலே. புதுக்குடியிருப்புத் தம்பிக்குச் சொன்னது.

ஒட்டுசுட்டான், சனசமூக நிலையச் செயலாளர்: நிலையத்துக்கு ஒரு மேசை வாங்க யோசிக்கிறோம். எதைப் பார்க்க வேண்டும்?

ஐயா, காலைப் பார்க்காதீர்கள், செதுக்கு வேலையைப் பார்க்காதீர்கள். துணிக்குக் கீழே கல் இருக்கிறதா என்று பாருங்கள். போட்டி மேசையில் ஓர் அங்குலத் தடிப்பில் மூன்று துண்டு சிலேட்டுக் கல் இருக்கும். மலிவு மேசையில் மரத்தூள் பலகைதான். ஒரு மாரி போதும், இரணைமடு வான் பாயும் நாட்களில் அந்தப் பலகையும் ஊதி எழும்பும். பிறகு பந்து தானாக மூலைக்கு நடக்கும்.

கல்லென்றால் பாரம். மூன்று துண்டையும் தனித்தனியாக இறக்கி, ஒவ்வொன்றையும் மட்டம் பார்த்து, பொருத்துக்குத் தேன்மெழுகு உருக்கி விட்டுச் சுரண்ட வேண்டும். கட்டாரில் மெழுகு டப்பாவில் வரும். இங்கே நான் தேன் எடுப்பவரிடம் வாங்கி நானே உருக்கினேன், டப்பா மெழுகை விடத் திறம். சீமெந்துத் தரை இறங்காமல் இருக்க வேண்டும், கூரை ஒழுகக் கூடாது, சோளகம் அடிக்கும் பக்கத்து யன்னலுக்குச் சாத்துக் கதவு வேண்டும். இவை மூன்றும் இல்லையென்றால் அந்தக் காசுக்கு நாலு கரம் போட்டும் ஒரு வலைப்பந்து வலையும் வாங்குங்கள். பிள்ளைகள் சந்தோசப்படுவார்கள்.

பரந்தன்: தடி நுனியில் தேய்க்கும் நீலக் கட்டி சோக்குத்தானே? பள்ளிக்கூடச் சோக்கு தேய்க்கலாமா?

பெயர்தான் சோக்கு. உள்ளே சிலிக்காவும் அரம் போலச் சுரண்டும் கொருண்டமும். வழுக்காமல் பந்தைக் கவ்வுவதற்கு அது. பள்ளிக்கூடச் சோக்கு எதிர்மாறு, வழுக்கும். பவுடரும் அப்படியே. கை வியர்த்தால் துடையுங்கள், இல்லையென்றால் கையுறை போடுங்கள்.

கொழும்பில் இருந்து ஒருவர்: இலங்கையர் யாராவது தடி பிடித்து உலகப் பட்டம் வென்றார்களா?

எம்.ஜே.எம். லாபிர், 1973, பம்பாய், உலக அமெச்சூர் பில்லியட்ஸ். மூன்று பந்து ஆட்டம் அது, என் துறை இல்லை.

வவுனியா: எல்லாக் காலத்திலும் சிறந்தவர் யார் அண்ணை?

இப்போதுதான் கேட்கக்கூடிய கேள்வி வந்திருக்கிறது. எஃப்ரன் ரேயஸ்.

பிலிப்பைன்ஸில் ஏழைப் பிள்ளை. மணிலாவில் மாமனின் ஆட்டக் கூடத்தில் வேலை, இரவில் மேசைக்கு மேலேயே நித்திரை, உயரம் காணாமல் கோலாப் பெட்டிகளில் ஏறி நின்று அடித்தான். 'பாற்றா' என்று பட்டப்பெயர். அவர்கள் மொழியில் பொடியன் என்று அர்த்தம். எழுபது வயது தாண்டியும் பொடியன்தான். 1985இல் அமெரிக்காவுக்கு வேறு பெயரில் போய் ஆடினார், சேசர் மொராலஸ் என்று. சொந்தப் பெயரைக் கேட்டால் யாரும் ஆட வரமாட்டார்கள் என்று பயம். 1999இல் கார்டிஃபில் உலகப் பட்டம்.

1995இல் ரீனோவில் அமெரிக்க ஆட்டக்காரர் ஏர்ள் ஸ்ரிக்லண்டோடு ஆடிய கடைசிக் கேமைத் தேடிப் பாருங்கள். 12-12. போட வேண்டிய பந்து மறைந்துவிட்டது. ரேயஸ் வெள்ளையை இரண்டு கட்டையில் குறுக்கும் மறுக்குமாக விட்டு அந்தப் பந்தைக் குழிக்குள் தள்ளினார். எல்லோரும் அதைத்தான் பேசுகிறார்கள். நான் பார்க்கச் சொல்வது அதற்குப் பிறகு வெள்ளை போய் நின்ற இடத்தை. அடுத்த பந்துக்கு நேரே.

மாஸ்ரர்: அது அதிர்ஷ்டம்.

மாஸ்ரர்!

மல்லாவி: பரிசு எவ்வளவு என்று சொல்லவில்லையே?

சொன்னேன்.

விசுவமடு: கரம் ஆடுகிறவர்கள்...

இல்லை. இன்றைக்கு இனி இல்லை.

மாஸ்ரர்: சரி தம்பி, சனிக்கிழமை வருகிறேன். நீரும் நானும் ஐந்து கேம் வரை. உமக்கு ஒரு கேமில் 90 என்று வைப்போம். ஐந்துக்குள் எனக்கு ஒரு 9 தானாக விழாதோ பார்ப்போம்.

வாங்கோ. பிரேக் உங்களுக்கே. வாசலில் பையைச் சோதிப்பேன், பவுடர் இருந்தால் கேற்றோடு திரும்பலாம்.