குளிரில் டீசல் கார் ஸ்டார்ட் ஆனதும் குலுங்கி வெள்ளைப் புகை விடுகிறது. இன்ஜெக்டர் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

கொஞ்சம் பொறுங்கள். இன்ஜெக்டர் என்பது சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் பாகம். என்ஜின் சூடானதும் குலுக்கல் நின்றுவிடுகிறதா? நிற்கிறது என்றே வைத்து எழுதுகிறேன். சூடான பிறகும் மிஸ்ஸிங் (ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் விட்டுவிட்டு ஓடுவது) இருந்தால் கதை வேறு. அப்போது கம்ப்ரஷனும் (சிலிண்டரில் காற்று அமுங்கும் அளவு) இன்ஜெக்டரும் பார்க்கத்தான் வேண்டும்.

டீசலில் ஸ்பார்க் கிடையாது. அமுக்கப்பட்ட காற்றின் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். சிலிண்டர் ஜில்லென்று இருந்தால் அந்தச் சூட்டை அதுவே உறிஞ்சிவிடும். பற்றாத டீசல் கண் எரியும் நெடியோடு வெள்ளைப் புகையாக வெளியேறும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் ஹீட்டர் பிளக், சிலிண்டருக்கு ஒன்றாக இருக்கும் சின்ன மின் சூடேற்றி. நாலில் ஒன்று செத்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும், சூடேறும்வரை அந்த சிலிண்டர் மட்டும் சரியாக எரியாது. அதுதான் குலுக்கல்.

முதலில் பேட்டரி. செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி, டெர்மினல், எர்த் வயர் மூன்றையும் பாருங்கள். மெதுவாகச் சுற்றும் என்ஜினில் போதிய சூடு பிறக்காது.

அடுத்து இக்னிஷனை ஆஃப் செய்து, ஹீட்டர் பிளக் வயர்களைக் கழற்றி, ஒவ்வொரு பிளக்கின் முனைக்கும் என்ஜின் பாடிக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம் (மின்தடை) பாருங்கள். 12 வோல்ட் மெட்டல் பிளக் என்றால் பெரும்பாலும் 0.5 முதல் 2 ஓம். மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் வரும் எண்ணை நீங்கள் அளந்த எண்ணிலிருந்து கழித்துவிடுங்கள். மீட்டர் எண்ணே காட்டாவிட்டால் அந்த பிளக் போய்விட்டது. எல்லாம் சரியாக இருந்தும் வயரில் கரண்ட் வரவில்லையா? ஃபியூஸ், ரிலே. டேஷ்போர்டு விளக்கு எரிந்து அணைவதை நம்பாதீர்கள், பல வண்டிகளில் அது வெறும் டைமர். என்ஜின் சூடாக இருக்கிறது என்று கூலன்ட் சென்சார் பொய் சொன்னாலும் பிளக்குக்கு கரண்ட் போகாமல் இருக்கலாம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஸ்கேனர் காட்டும் கூலன்ட் வெப்பநிலை வெளிக்காற்றின் அளவுக்கு அருகில் இருக்க வேண்டும்.

'பேட்டரியில் நேரடியாக வைத்துப் பார்த்தால் போதுமே' என்று யாராவது சொல்வார்கள். பழைய மெட்டல் பிளக்குக்குச் சரி. புது வண்டிகளின் செராமிக், குறைந்த வோல்ட் பிளக்குகள் எரிந்தே போகும்.

பிளக்கைக் கழற்றும்போது என்ஜின் சூடாக இருக்கட்டும். துருநீக்கி எண்ணெயை முந்தைய நாளே விட்டுவையுங்கள். முரட்டுத்தனமாகத் திருகினால் ஹெட்டுக்குள் (சிலிண்டர்களின் மேல்மூடி) உடையும். பிறகு ஹெட்டையே இறக்க வேண்டி வரலாம். என்றாவது மாற்றியே ஆக வேண்டிய பாகத்தை இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளித்து வைக்கும் பொறியாளர்கள் ஒருமுறையாவது தங்கள் கையால் அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும்!

நன்றாக ஸ்டார்ட் ஆகி, சிறிது தூரத்தில் இழுவை குறைந்து நின்றால் அது பிளக் அல்ல. கடுங்குளிரில் டீசலின் மெழுகு உறைந்து ஃபில்டரை அடைக்கிறது. குளிர்கால டீசலும் புது ஃபில்டரும்தான் வழி. மண்ணெண்ணெய் கலக்காதீர்கள், காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் தரும் அமைப்பு) பம்ப்புக்கு டீசலின் வழுவழுப்புதான் லூப்ரிகேஷன்.

இன்ஜெக்டர்மீது இன்னும் சந்தேகமா? ரிட்டர்ன் லைன் லீக் டெஸ்ட் கேளுங்கள், ஒவ்வொரு இன்ஜெக்டரும் திருப்பி அனுப்பும் டீசலை அளந்து ஒப்பிடும் சோதனை அது. அளந்து காட்டாமல் மாற்றச் சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். எந்த சிலிண்டர் எரியவில்லை என்று பார்க்க, பழைய பழக்கத்தில், ஓடும் என்ஜினில் இன்ஜெக்டர் பைப் நட்டை மட்டும் தளர்த்திவிடாதீர்கள். 1000 பாருக்கு மேல் அழுத்தம் ஏறக்கூடிய இடம், பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.