வாசகர் கேள்வி–பதில்: வருஷ வாசிப்புச் சவால்

கேள்வி: போன வருஷம் 50 புத்தகம் என்று இலக்கு வைத்தேன், 50ஐயும் முடித்தேன். பட்டியலைப் பார்த்தால் 40க்கு மேல் குடும்ப நாவல்கள். வாசிப்பு அகலவே இல்லை. இந்த முறை என்ன செய்யலாம்?
– ஆசிரியை, நோர்வூட்

பதில்: இலக்கு வெறும் எண்ணாக இருந்தால் இதுதான் நடக்கும். 600 பக்க நூலுக்கும் கணக்கு ஒன்று, 90 பக்க நூலுக்கும் ஒன்று. டிசம்பர் நெருங்க நெருங்கக் கை தானாகவே மெல்லிய புத்தகத்துக்கும் பழகிய எழுத்தாளருக்கும் போகும். வாசகர்கள் தாம் வாசித்ததைப் பதியும் குட்ரீட்ஸ் தளத்தின் வருஷச் சவால் கேட்பது இந்த எண்ணைத்தான். புக் ரயட் தளம் 2015இல் தொடங்கிய ‘ரீட் ஹார்டர்’ சவால் வேறு விதம்: 24 பணிகள், மாதத்துக்கு இரண்டு, ஒவ்வொன்றும் ஒரு வகையைச் சொல்லும். அந்த முறையை எடுங்கள், பட்டியலை எடுக்க வேண்டாம். அது அமெரிக்க வாசகரை மனதில் வைத்துப் போட்டது. நம் ஊர் நூலக அலுமாரியில் அதற்கு நூல் தேடியே வருஷம் போய்விடும்.

முதலில் போன வருஷப் பட்டியலை ஒரு கொப்பியில் எழுதி, எதிரே ஐந்து நிரல் போடுங்கள்: என்ன வகை, எழுதியவர் ஆணா பெண்ணா, எந்த நாடு அல்லது பிரதேசம், மூலமொழி எது, முதலில் வெளிவந்த ஆண்டு எது. எந்த நிரலில் முக்கால்வாசிக்கு மேல் ஒரே விடை வருகிறதோ, அங்கேதான் உங்களுக்குப் பள்ளம் இருக்கிறது. பெரும்பாலானோருக்குப் பள்ளம் மூலமொழியிலும் ஆண்டிலும் விழும். வகையில் விழுந்ததுதான் முதலில் கண்ணில் படும்.

பிறகு 12 கட்டங்கள் போடுங்கள், கட்டத்துக்கு ஒரு நூல். அதில் ஆறு மட்டும் பள்ளத்தை நிரப்ப. மற்ற ஆறு உங்கள் இஷ்டம், குடும்ப நாவலும் அதில் வரலாம். பன்னிரண்டையும் கட்டாயமாக்கினால் மாசி பிறப்பதற்குள் வாசிப்பு வீட்டுப்பாடமாகிவிடும். ஒரு கட்டத்தை எழுதுமுன் நூலகத்தில் அதற்குப் பொருந்தும் நூல் குறைந்தது மூன்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒன்றே ஒன்றுதான் என்றால், அதை வேறொருவர் எடுத்துப்போன அன்று உங்கள் சவால் நின்றுவிடும்.

உங்களைப் போன்றவருக்கு ஆறு கட்டம் இப்படி அமையலாம். மலையக எழுத்து, 1980க்கு முன் வந்தது: தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ 1974இல் வந்த நாவல். 1947இல் தலவாக்கலையிலிருந்து முதல் பாராளுமன்றத்துக்குத் தெரிவான சி. வி. வேலுப்பிள்ளை தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். 1954இல் ஆங்கிலத்தில் வந்த அவரது நெடுங்கவிதை தமிழாக்கத்திலும் உண்டு. அடுத்தது சிங்களத்திலிருந்து மொழிபெயர்த்த ஒன்று. மூன்றாவது தூரத்து மொழி ஒன்று: பழைய நூலகங்களில் மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ் நூல்கள் இன்னும் கிடக்கும், ஆளில்லா மூலையில் தேடுங்கள். நான்காவது ஒரு கவிதைத் தொகுதி. அதை ஒரே மூச்சில் முடிக்கப் பார்த்தால் ஒன்றும் தங்காது. இரவுக்கு இரண்டு கவிதை போதும். ஐந்தாவது சுயசரிதை. ஆறாவது கதையல்லாத அறிவு நூல். பொருளுக்கு ஓர் எண் கொடுக்கும் தூயி பகுப்பின்படி அடுக்கிய நூலகமானால் 633.72இல் நிற்பது தேயிலை. தேயிலைக்கு நடுவில் இருந்துகொண்டு அதைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் வாசித்தவர்கள் நம்மில் குறைவு.

சிவப்பு அட்டைப் புத்தகம், தலைப்பில் எண் உள்ள புத்தகம் என்றெல்லாம் கட்டம் போடுகிறார்கள். விளையாட்டாக வைத்துக்கொள்ளலாம், வாசிப்பை அது அகட்டாது. சிவப்பு அட்டையிலும் குடும்ப நாவல் கிடைக்கும். ஒரே நூலை இரண்டு கட்டத்துக்குக் காட்டுவதும் வேண்டாம்.

கேள்வி: தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. மார்ச் வரை நன்றாக வாசிக்கிறேன். ஏப்ரல், மேயில் நின்றுபோகிறது, பிறகு பிடிக்க முடிவதில்லை.
– வாசகர், தலவாக்கலை

பதில்: கொழுந்து குவியும் மாதங்களில் இரவும் பகலும் இயந்திரம் ஓடும்போது புத்தகம் ஓடாது. அதை உங்கள் குறையாக எடுக்காமல், திட்டத்திலேயே அந்த இரண்டு மாதத்தையும் கழித்துவிடுங்கள். மீதி ஏறக்குறைய 300 நாள். 200 பக்கம் கொண்ட 12 நூல் 2,400 பக்கம். நாளுக்கு எட்டுப் பக்கம், அவ்வளவுதான். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்திலேயே முடியும்.

பிடிக்க முடியாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் கணக்குத்தான். இரண்டு மாதம் விட்டவர் ஜூனில் நாளுக்கு 25 பக்கம் என்று தொடங்குவார், ஒரு கிழமையில் களைத்து மொத்தத்தையும் விடுவார். பின்தங்கினால் நாள் பக்கத்தைக் கூட்டாமல் நூல் எண்ணிக்கையைக் குறையுங்கள். 12 என்பது 10 ஆகட்டும். கழிக்கும்போது இஷ்டக் கட்டங்களில் கழியுங்கள், பள்ளத்துக்குப் போட்ட ஆறும் அப்படியே இருக்கட்டும்.

தடித்த புத்தகத்தை அடைமழைக்கு வையுங்கள். உங்கள் பக்கம் அது ஜூன், ஜூலை. பண்டாரவளைப் பக்கத்தவருக்கு நவம்பர், டிசம்பர். ஐம்பது பக்கம் போயும் ஒட்டாத நூலை மூடிவிடலாம், ஆனால் அதே கட்டத்துக்கு இன்னொன்றை எடுக்க வேண்டும். இந்த நிபந்தனை இல்லாவிட்டால் கடினமான கட்டங்கள் எல்லாம் “ஒட்டவில்லை” என்றே கழிந்துபோகும்.

கேள்வி: எங்கள் தோட்டத்திலிருந்து டவுன் நூலகம் பஸ்ஸில் ஒரு மணித்தியாலம். வாங்கவும் வசதியில்லை. சவால் எல்லாம் எங்களுக்கு ஆகுமா?
– வாசகி, அப்புத்தளை

பதில்: ஆகும், ஆனால் தனியாகச் செய்தால் பஸ் காசே கூடிவிடும். லயத்தில் நான்கு பேர் சேருங்கள். பொது நூலகங்கள் பல ஒருவருக்கு ஒரு தடவையில் இரண்டு நூல், 14 நாள் தவணை என்று கொடுக்கின்றன. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். நான்கு அட்டைக்கு எட்டு நூல். இரண்டு கிழமைக்கு ஒருவர் போய்வந்தால் ஒருவருக்கு எட்டுக் கிழமைக்கு ஒரு பயணம்தான் விழும். யார் அட்டையில் எந்த நூல், எந்தத் திகதி என்பதை ஒரே கொப்பியில் எழுதுங்கள். இதை எழுதாத குழுக்கள் தண்டப்பணத்தில்தான் உடைகின்றன. அங்கத்துவப் படிவத்துக்கு வதிவிட உறுதியும் பிணையாளர் கையொப்பமும் கேட்பார்கள். கிராம உத்தியோகத்தரிடம் நால்வரும் ஒரே நாளில் போவது நல்லது.

மலையக நூல்களுக்கு ‘நூலகம்’ என்ற இணையத்தளம் இருக்கிறது. 2005இல் தொடங்கிய இலவச மின்நூலகம், அச்சில் கிடைக்காத பல நூல்கள் அதில் உண்டு. பக்கங்களைப் படம் பிடித்துப் போட்டவை என்பதால் கோப்பு பெரிது. சிக்னல் நன்றாக உள்ள இடத்தில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் போனில் எழுத்து தெரியாவிட்டால் குறுக்குவாட்டில் திருப்பினால் வரி முழுதாக வரும்.

கேள்வி: ஒலிப் புத்தகம் கணக்கில் சேருமா?
– வாசகர், கொட்டகலை

பதில்: சேரும். சுருக்கிச் சொல்லும் யூடியூப் காணொளி சேராது.

கேள்வி: மகள் தரம் 7. ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் சான்றிதழுக்காக 20 புத்தகத்தின் பின்னட்டையைப் பார்த்துச் சுருக்கம் எழுதிவிட்டாள். இதை எப்படித் திருத்துவது?
– தாய், புசல்லாவை

பதில்: சுருக்கம் கேட்டால் பின்னட்டைதான் வரும். அதற்குப் பதிலாக, நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, “இந்த இடத்துக்கு முன் என்ன நடந்தது, இனி என்ன நடக்கும் என்று நீ நினைத்தாய்?” என்று வாயால் கேளுங்கள். இரண்டு நிமிடம் போதும். 20ஐ ஆறாக்குங்கள்: ஒரு சாகசக் கதை, ஒரு நாட்டார் கதைத் தொகுதி, ஒரு விஞ்ஞான நூல், ஒரு மொழிபெயர்ப்பு, இரண்டு அவள் விருப்பம். சாகசத்தையும் மொழிபெயர்ப்பையும் தனித்தனியாகவே தேடட்டும். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் சிங்களச் சாகச நாவல் ‘மடொல் தூவ’ தமிழில் இருக்கிறது, அதை இரண்டில் ஒன்றுக்குத்தான் காட்டலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.