துருத்தி மூச்சு வாங்கும் இடம்

கேள்வி: அப்பா வெளிநாட்டில் வேலை பார்த்தபோது வாங்கி வந்த பாடகி கிரேஸ் ஜோன்ஸின் 'நைட்கிளப்பிங்' எல்.பி. ரெக்கார்டு எங்களிடம் இருக்கிறது. ஒரே கீறல். மறுபதிப்பு வந்திருப்பதாக மகன் சொல்கிறான். வாங்கலாமா? எனக்கு அந்த அக்கார்டியன் பாட்டு போதும்.
– வாசகி, கோத்தகிரி

வாங்குங்கள் அம்மா. பழையதையும் பத்திரமாக வைத்திருங்கள்.

1981-இல் வந்த ஆல்பம் அது. பஹாமாஸ் தீவுகளில், நசாவ் நகரத்துக் காம்பஸ் பாயின்ட் ஸ்டூடியோவில் பதிவானது. டிரம்ஸ் ஸ்லை டன்பர், பேஸ் கிட்டார் ராபி ஷேக்ஸ்பியர், இரண்டு பேரும் ஜமைக்காக்காரர்கள். கிரேஸ் ஜோன்ஸ் பிறந்ததும் அங்கேதான். அதனால் ஆல்பத்தின் அடியில் அந்த நாட்டு இசையான ரெகே ஓடிக்கொண்டே இருக்கும். அக்கார்டியன் முன்னால் வந்து நிற்பது இரண்டாம் பக்கத்தில் இருக்கும் உங்கள் பாட்டில்தான். அதன் மெட்டு அர்ஜென்டினாவின் ஆஸ்டர் பியாசோலா 1974-இல் வெளியிட்ட 'லிபர்டாங்கோ'. அவர் வாசித்தது பாண்டோனியன். இரு பக்கமும் பொத்தான்கள் மட்டுமே உள்ள, அக்கார்டியனின் பங்காளி. அர்ஜென்டினா நடன இசையான டாங்கோவின் மெட்டை ரெகே தாளத்தில் உட்காரவைத்து, நடுவே பிரெஞ்சில் பேசவும் செய்கிறார் கிரேஸ் ஜோன்ஸ். கேட்கும்போது தெருவில் யாரோ பின்னால் வருவது போலவே இருக்கும்.

2014 மறுபதிப்பில் ஒலியைப் புதிதாகச் சீர்செய்திருக்கிறார்கள். கூடுதல் வட்டில் சில பாடல்களின் நீண்ட வடிவங்களும் உண்டு. நண்பர் வீட்டில் அதைப் போட்டுக் கேட்டேன். பேஸ் கிட்டாரின் முழக்கத்துக்குள் அக்கார்டியன் கரையாமல் தனியாக நின்றது. நான் எப்போதும் காத்திருப்பது அக்கார்டியனின் துருத்தி, அதாவது காற்றை இழுத்துத் தள்ளும் மடிப்புப் பை, திசை மாறும் இடத்துக்கு. விரித்த கை மூட ஆரம்பிக்கும்போது சுரத்தில் ஒரு சின்ன இடறல் வரும், பாடகர் மூச்சு வாங்குவது போல. தேய்ந்த தட்டில் அதுதான் முதலில் காணாமல் போகும்.

இந்த இடறலை நான் சின்ன வயதிலேயே பழகிவிட்டேன். அப்பா குன்னூரில் தேயிலை ஃபேக்டரியில் இருந்தார். டிசம்பர் வந்தால் கேரல் குழுவுக்கு அக்கார்டியன் அவர்தான். பத்து கிலோவுக்குக் குறையாத பெட்டியை மார்பில் மாட்டிக்கொண்டு பெட்ஃபோர்டு ஏற்றத்தில் நடப்பார். கிளம்புவதற்கு முன் அடுப்புக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, எந்தக் கட்டையையும் தொடாமல், காற்றுப் பொத்தானை மட்டும் அழுத்தித் துருத்தியை மெதுவாக விரித்து மூடுவார். வீடு முழுக்க அந்த மூச்சுதான் கேட்கும். அம்மா பேச்சை நிறுத்திவிடுவாள்.

கேள்வி: மழைக்காலத்தில் ரெக்கார்டுகளில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கிறது. ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா?
– வாசகர், அருவங்காடு

அவசரப்படாதீர்கள். முதலில் தட்டு எந்த வகை என்று பாருங்கள். 78 சுற்று வேகத்தில் ஓடும் பழைய கனமான தட்டுகள் பெரும்பாலும் அரக்கில் செய்தவை. ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரைந்து வரிகள் பாழாகிவிடும்; அப்படி ஒரு தட்டை நானே இழந்திருக்கிறேன். அவற்றுக்கு பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரை மெல்லிய துணியில் நனைத்து, வரி ஓடும் திசையிலேயே துடைத்தால் போதும். வினைல் எல்.பி. என்றால் அதே தண்ணீரில் கொஞ்சம் ஐசோபுரொபைல் ஆல்கஹால் கலக்கலாம். நடுவில் இருக்கும் லேபிள் நனையக் கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகுதான் உறையில் போட வேண்டும், உள்ளுறையும் புதியதாக இருக்கட்டும். பழைய காகித உறையில்தான் பூஞ்சை குடியிருக்கிறது.

கூடலூர்ப் பக்கம் ஆனி, ஆடியில் ஊற்றும். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகைதான் பெருமழை. அந்த இரண்டு மாதமும் அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். தட்டுகள் நின்றபடி இருக்க வேண்டும். படுக்கவைத்து அடுக்கினால் வளைந்துவிடும்.

கேள்வி: அக்கார்டியனும் ஆர்மோனியமும் ஒன்றுதானே?
– மாணவி, உதகை

ஒரே குடும்பம். இரண்டிலும் காற்றுப் பட்டு அதிரும் உலோக நாக்குதான் பாடுகிறது. அக்கார்டியன் என்ற பெயரில் சிரில் டெமியன் வியன்னாவில் காப்புரிமை பெற்றது 1829-இல். நம் ஆர்மோனியத்தில் ஒரு கை துருத்திக்குப் போய்விடும். அக்கார்டியனில் இரண்டு கையும் வாசிக்கும், இடது கையே துருத்தியையும் இழுக்கும். அதனால் ஒரே சுரத்தைச் சன்னமாகத் தொடங்கி உரக்க வளர்ப்பது கையின் அழுத்தத்திலேயே வந்துவிடும். அப்புறம் அந்த நடுக்கம்: ஒரே சுரத்துக்கு இரண்டு நாக்குகளை மிகமிகச் சிறிய வித்தியாசத்தில் சுருதி சேர்த்திருப்பார்கள். இரண்டும் ஒன்றோடொன்று உரசி அலையாக எழும்பும்.

கேள்வி: நம் சினிமாவில் யார் வாசித்தார்கள்?
– வாசகர், வெலிங்டன்

எம்.எஸ்.விஸ்வநாதன் குழுவில் மங்களமூர்த்தி. இந்தியில் கெர்சி லார்ட். 1969-இல் வந்த 'ஆராதனா' படத்தின் 'ரூப் தேரா மஸ்தானா'வில் வருவது அவர் அக்கார்டியன்தான். இன்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு அதைக் கேளுங்கள். பாட்டை விட்டுவிட்டுத் துருத்தியை மட்டும் பின்தொடருங்கள்.