அகத்தியருக்கு அர்க்யம்: எந்த நாள், எந்தத் திசை?

கேள்வி: என் தங்கை குடும்பம் பீகாரில் தர்பங்காவில் இருக்கிறது. மகாளய பட்சம் தொடங்குவதற்கு முந்தைய பௌர்ணமியில், அக்கம்பக்கத்தில் விடிகாலையிலேயே சங்கில் தண்ணீர் எடுத்து அகத்தியருக்கு அர்க்யம் விட்டார்களாம். அகத்தியர் நம்ம பொதிகை மலை முனிவர். ஆனால் எங்கள் பக்கம் யாரும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. நாங்கள் செய்யலாமா? எப்போது, எந்தத் திசை பார்த்து? தெற்கு பார்த்துச் செய்வதாகத் தங்கை சொல்கிறாள், எனக்கு அது உறுத்துகிறது. சங்கு இல்லாவிட்டால்?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: தாராளமாகச் செய்யுங்கள் அம்மா. தெற்கு என்றதும் பித்ரு காரியம்தான் நினைவுக்கு வரும், அதனால்தான் உறுத்துகிறது. இங்கே விஷயம் வேறு. அகத்தியர் இருப்பது தென்திசையில், அவர் பெயரில் உள்ள நட்சத்திரம் தெரிவதும் தெற்கே, அதனால் அவரைப் பார்த்து நிற்கிறோம், அவ்வளவுதான். வானத்தில் சிரியஸுக்கு அடுத்தபடி பிரகாசமான நட்சத்திரம் இதுதான். கோடையில் சூரியனின் வெளிச்சத்தில் மறைந்துபோய், மழைக்காலத்தில் ஒருநாள் விடியலுக்குச் சற்று முன்பு மறுபடி தலைகாட்டும். அந்த வருகைக்குக் கொடுக்கும் மரியாதைதான் இந்த அர்க்யம்.

நாள் விஷயத்தில்தான் குழப்பம். உங்கள் தங்கை இருக்கும் தர்பங்கா பக்கத்து மிதிலைக்காரர்கள் அந்தப் பௌர்ணமியில் கொடுக்கிறார்கள். வங்காளப் பக்கத்துக்கு, சூரியன் கன்னியில் நுழைய மூன்று நாள் இருக்கும்போது என்று ஒரு பழைய சுலோகமே உண்டு, நம் கணக்கில் ஆவணியின் கடைசி நாட்கள். 6-ஆம் நூற்றாண்டில் உஜ்ஜயினியில் இருந்த ஜோதிட, வானியல் அறிஞர் வராகமிகிரர், சூரியன் கன்னியைத் தொட 7 பாகை இருக்கும்போது அகத்தியர் தெரிவார் என்று எழுதிவிட்டு, ஊருக்கு ஊர் இது மாறும், அந்தந்த ஊருக்குக் கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள் என்றும் சேர்த்தே சொல்லியிருக்கிறார். எனக்கு இந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் தெற்கே வர வர அந்த நட்சத்திரம் சீக்கிரமே தெரிந்துவிடும். உங்கள் ஊரில் மேகம் இல்லாவிட்டால் ஆடிக் கடைசியிலேயே பார்த்துவிடலாம். வானத்தில் அதிக உயரத்துக்கு வரும்போது தர்பங்காவில் அடிவானத்திலிருந்து 11 பாகைதான் இருக்கும், உங்களுக்கோ 28 பாகை. எனவே பஞ்சாங்கத்தை மட்டும் நம்பி உட்கார வேண்டாம், ஆவணி பிறந்ததும் நாலரை, ஐந்து மணிக்கு மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கள். தென்கிழக்கில் பளிச்சென்று வெண்மையாக மின்னுவது சிரியஸ், அதற்குக் கீழே வலப்பக்கமாக, தெற்கே தள்ளித் தனியாக நிற்பவர் அகத்தியர். கண்ணால் பார்த்துக் கொடுக்கிற அர்க்யத்துக்கு ஈடு கிடையாது.

சூரியன் வந்தபிறகு கொடுப்பது சரியில்லை. கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருக்க வேண்டும், நட்சத்திரமும் கண்ணில் இருக்க வேண்டும், அந்தக் கொஞ்ச நேரம்தான். குளித்துவிட்டு, சங்கில் தண்ணீர், வெள்ளைப் பூ, அட்சதை சேர்த்துத் தெற்கு நோக்கி நின்று, ‘காசபுஷ்ப ப்ரதீகாச அக்னிமாருத ஸம்பவ, மித்ராவருணயோ: புத்ர கும்பயோனே நமோஸ்துதே’ என்று சொல்லி விடுங்கள். காசபுஷ்பம் என்பது நாணல் பூ, உங்கள் ஆற்றங்கரையில் கிடைத்தால் ஒரு கொத்து போதும், இல்லாவிட்டால் நந்தியாவட்டை, மல்லிகை எதுவானாலும் சரி. சங்கு இல்லையென்றால் செம்பிலேயே விடலாம், இதற்காகக் கடை கடையாக அலைய வேண்டாம். அப்புறம், அவர் மனைவி லோபாமுத்திரையை விட்டுவிடாதீர்கள். முனிவருக்குக் கொடுத்தபின் அந்த அம்மாளுக்கும் தனியாக ஓர் அர்க்யம் உண்டு, அவசரத்தில் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

நம்மவர்கள் இந்த நட்சத்திரத்தைக் கவனிக்காமலா இருந்தார்கள்? பரிபாடலின் வையைப் பாட்டில், மழைக்காலத்துக் கிரக நிலைகளோடு ‘பொதியில் முனிவன்’ மிதுனத்தை அடைவதும் வருகிறது. இந்த வழக்கம் பொதிகை அடிவாரத்தில் மறுபடி தொடங்கினால் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒரே ஒரு வேண்டுகோள். பாபநாசம் படித்துறையில் செய்வதாக இருந்தால் தண்ணீரும் பூவும் மட்டும் ஆற்றில் போகட்டும். பழைய துணியைத் தாமிரபரணியில் விடுவதற்கும் இந்த அர்க்யத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது, பக்கத்தில் யாராவது விடச் சொன்னாலும் விடாதீர்கள்.