நிதி திரட்டும் பள்ளி, விளையாட்டுக் குழுக்கள் நன்கொடை கேட்காமல் ஏன் மிட்டாய் விற்கின்றன?

மிட்டாய், நொறுக்குத்தீனியை மொத்த விலைக்கு வாங்கிச் சில்லறை விலைக்கு விற்று, அந்த லாபத்தைக் குழுச் செலவுக்கு எடுத்துக்கொள்வதுதான் இந்த முறை. கடைக்காரர் செய்வதும் இதேதான். ஆனால் இங்கே விற்பவர்கள் தன்னார்வலர்கள். கூலி கிடையாது, அதனால் மிச்சம் அதிகம்.

சும்மா பணம் கேட்கப் பலருக்கும் கூச்சம். கையில் ஒரு பொருள் இருந்தால் கேட்பது எளிது, வாங்குபவருக்கும் தயக்கம் வராது. அதிலும் மிட்டாய் விலை குறைவு, சீக்கிரம் கெடாது, யோசிக்காமல் வாங்கலாம். (சாக்லேட் மட்டும் வெயிலில் உருகிவிடும்.) அப்புறம், விற்காத பெட்டிகளைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று மொத்த வியாபாரியிடம் சரக்கு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். தேங்கிய சரக்கு லாபத்தை அப்படியே தின்றுவிடும்.

கொடுக்கும் பணம் முழுவதும் குழுவுக்கே போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கொள்முதல் விலை போக மிஞ்சுவதுதான் போகிறது.