வயலில் சாரஸ் கொக்கு கூடு: எவ்வளவு தூரம் நெருங்கலாம்?

கேள்வி: உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா மாவட்டத்தில் சாலைப் பணியில் இருக்கிறேன். எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள நெல் வயலில் ஆள் உயரக் கொக்கு இணை ஒன்று கூடு கட்டி இரண்டு முட்டை இட்டிருக்கிறது. படம் எடுக்கப் போனால் ஒன்று சிறகை விரித்துக்கொண்டு ஓடி வருகிறது. மழையில் தண்ணீரும் ஏறுகிறது. முட்டைகளை வரப்பில் எடுத்து வைக்கலாமா? எனக்குச் சொந்த ஊர் கூந்தன்குளம் பக்கம். அங்கே கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் வீட்டு மரத்திலேயே குஞ்சு பொரிக்கும். இப்படிச் சீறிப் பார்த்ததில்லை.

பதில்: முட்டையைத் தொடவே வேண்டாம். நீங்கள் பார்ப்பது சாரஸ் கொக்கு. தண்ணீரை நம்பியே கூடு கட்டும் பறவை அது. கோரை, புல், நெற்பயிர் என்று கிடைப்பதைப் பிடுங்கித் தண்ணீருக்கு நடுவே மேடு எழுப்பும். சில கூடுகள் 2 மீட்டர் அகலம்கூட இருக்கும். தண்ணீர் ஏற ஏற, மேலும் புல்லைப் போட்டு மேட்டை உயர்த்திக்கொள்ளும். முட்டையை நீங்கள் வரப்புக்கு மாற்றினால் அங்கே வந்து அடைகாக்காது. காக்கையும் நாயும்தான் வரும். தவிர, முட்டையை எடுப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கூந்தன்குளத்துப் பறவைகளோடு இதை ஒப்பிட வேண்டாம். அவை கூட்டமாக, மரத்தின் மேல் கூடு கட்டுபவை. கீழே நாம் நடமாடினாலும் கிளை அவற்றைக் காக்கிறது. சாரஸ் தரையில் தனி இணையாக வாழ்கிறது. நரியும் நாயும் மனிதனும் நடந்தே கூட்டுக்கு வந்துவிடலாம் என்பதால், எதிர்த்து நிற்பதைத் தவிர அதற்கு வழியில்லை.

பாய்வதற்கு முன் அது பலமுறை எச்சரிக்கும். முதலில் மேய்வதை நிறுத்திக் கழுத்தைச் செங்குத்தாக நிமிர்த்தும். அடுத்து இணை இரண்டும் சேர்ந்து எக்காளம்போலக் குரல் கொடுக்கும்; ஆணின் ஒவ்வொரு குரலுக்கும் பெண் இருமுறை பதில் சொல்வதைக் கவனித்தால், பார்க்க ஒன்றுபோல் இருக்கும் இரண்டையும் பிரித்தறியலாம். பிறகு சிறகைத் தொங்கவிட்டு விறைப்பாக நடக்கும். நடுவில் சட்டென்று குனிந்து இறகு கோதுவதுபோலப் பாவனை செய்யும். பலர் இதைப் பார்த்துப் பறவை அமைதியாகிவிட்டது என்று எண்ணி இன்னும் நெருங்குகிறார்கள். உண்மையில் அது கடைசி எச்சரிக்கைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. 1.8 மீட்டர் வரை வளரும் இந்தப் பறவைதான் உலகில் பறக்கும் பறவைகளில் மிக உயரமானது. அதன் அலகு உங்கள் முகத்துக்கு நேரே வரும், காலாலும் உதைக்கும்.

அப்படி வந்தால் திரும்பி ஓடாதீர்கள். பறவையைப் பார்த்தபடியே பின்வாங்குங்கள். குடையையோ பையையோ முகத்துக்கு முன்னால் பிடியுங்கள். குழந்தை கூட இருந்தால் தூக்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் எனக்குக் கவலை உங்களைப் பற்றியது அல்ல, முட்டையைப் பற்றியது. பறவை உங்களை விரட்டிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் அடைகாக்க ஆளில்லாமல் கூடு வெயிலில் கிடக்கிறது. மரத்தில் உட்கார்ந்திருக்கும் காக்கைக்கு அந்த இடைவெளி போதும். என் அனுபவத்தில் 100 மீட்டருக்குள் போகாமல் இருப்பது நல்லது. அந்தத் தூரத்திலும் அடைகாக்கும் பறவை எழுந்து நின்றுவிட்டால், இன்னும் பின்னால் போக வேண்டும். பெரிய லென்ஸ் இல்லையென்றால் வண்டிக்குள் இருந்தபடியே எடுங்கள். ட்ரோன் கூடவே கூடாது.

ஒரு மாதத்தில் குஞ்சு வந்துவிடும். பிறகும் ஒரு சிக்கல் உண்டு. பெற்றோர் எச்சரிக்கைக் குரல் கொடுத்ததும் குஞ்சு புல்லோடு புல்லாகப் படுத்துவிடும். அனாதையாகக் கிடக்கிறதென்று நினைத்து யாராவது வீட்டுக்குத் தூக்கிப் போய்விடுவார்கள். விலகிப் போய்த் தூரத்தில் இருந்து ஒரு மணி நேரம் பாருங்கள், பெற்றோர் வந்துவிடும். ரத்தக் காயமோ, காலில் வலை சிக்கியதோ தெரிந்தால் மட்டும் வனத்துறைக்குச் சொல்லுங்கள். துரத்திப் பிடிக்காதீர்கள், பிடிபட்ட பதற்றத்தாலேயே தசை சிதைந்து கொக்குகள் இறப்பதுண்டு.

தீனி போட்டுப் பழக்குவதும் வேண்டாம். 2022-இல் அமேத்தி மாவட்டத்தில் ஒருவர் காயம்பட்ட சாரஸ் ஒன்றுக்கு அன்போடு சிகிச்சை தந்தார். அது அவரோடு ஒட்டிக்கொண்டது. அவர் பைக்கில் போனால் பின்னாலேயே பறந்தது. 2023 மார்ச்சில் வனத்துறை அதை எடுத்துச் சென்றது. கடைசியில் அது கான்பூர் விலங்குக் காட்சிசாலையில் அடைபட்டது, அவர் மீது வழக்கும் பதிவானது. மனிதனை நாடிப் போகப் பழகிய பறவையைக் காட்டில் விடுவது அத்தனை கடினம்.

நீங்கள் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. குஞ்சுக்குப் பறக்கும் திறன் வர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அதற்குள் நெல் அறுவடை வந்துவிடும். வயல்காரரிடம் இப்போதே பேசி வையுங்கள். இயந்திரம் இறங்கும் முன் குடும்பம் நடந்து வெளியேற ஒரு பக்கம் விட்டு அறுக்கச் சொல்லுங்கள். உங்கள் குடியிருப்பில் சோறு தின்னும் நாய்களை அதுவரை கட்டி வையுங்கள்.