தகரச் சட்டை போட்ட வீடு

தம்பி, உங்கள் கேள்வி கிடைத்தபோது நான் கனடாவில், ஸ்காபரோவில் இல்லை. லீவில் வந்து கொழும்பு வெள்ளவத்தையில் அக்காவின் ஃபிளாட்டில் இருக்கிறேன். மேல்மாடியில்தான் உங்கள் அப்பா. நீங்கள் அனுப்பிய படங்களை அவருக்கும் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு வடிவாகப் பார்த்துவிட்டு, "இவ்வளவு காசு குடுத்து தகர வீட்டையோ வாங்கினவன்?" என்று கேட்டார். சிரிப்பு வந்தாலும் அதற்குப் பதில் சொல்ல அரை மணித்தியாலம் பிடித்தது. அதே பதிலில் உங்களுக்கான பாதியும் இருக்கிறது.

நீங்கள் கேட்டது இது: ஏஜெக்ஸில் வாங்கிய வீடு 1970களில் கட்டியது, கீழே செங்கல், மேல்மாடியைச் சுற்றிப் பழைய அலுமினியம் சைடிங், அதாவது வெளிப்பக்கத்தை மூடுகிற தகடு. அதைக் கழற்றி வைனில் என்ற பிளாஸ்டிக் சைடிங் போட 22,000 டொலர் கேட்கிறார்கள். ஐந்து வருடத்தில் விற்கிற எண்ணம். போட்டால் வீட்டு விலை ஏறுமா?

கொழும்பில் இந்தக் கேள்வியே எழாது. இங்கே ஒரு வீட்டைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் முதல் கேள்வி காணி எத்தனை பேர்ச் என்பதுதான். சுவர் செங்கல்லோ சீமெந்துக் கல்லோ, மேலே சாந்து பூசி பெயின்ட் அடித்திருக்கும். மெரைன் டிரைவ் பக்கம் உப்புக்காற்றில் பெயின்ட் உரிந்தால் மறுபடி அடிப்போம், அவ்வளவுதான். கனடாவில் உங்கள் மேல்மாடி மரச்சட்டத்தில் நிற்கிறது. சட்டத்துக்கு மேல் பலகை, பலகைக்கு மேல் ஈரம் புகாத ஒரு தாள், அதற்கு மேல்தான் சைடிங். அது சுவர் இல்லை, சுவருக்குப் போட்ட மழைக்கோட். அப்பாவிடம் அப்படித்தான் சொன்னேன். அரைமனதாகத் தலையாட்டினார்.

இனி நேர்ப் பதில். போட்ட காசு முழுதும் திரும்பி வராது. அமெரிக்காவில் காஸ்ட் வேர்சஸ் வேல்யு என்ற ஆண்டறிக்கை, எந்த வேலைக்குப் போட்ட காசில் எவ்வளவு விற்பனை விலையில் திரும்புகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டும். அதன் 2024 கணக்கில் வைனில் சைடிங்குக்கு ஏறத்தாழ 80 வீதம், நார் கலந்த சீமெந்துப் பலகையான ஃபைபர் சீமெந்துக்கு 88 வீதம். அமெரிக்காவின் சராசரிதான், ஏஜெக்ஸுக்கு அச்சொட்டாகப் பொருந்தாது. ஆனாலும் அந்த 80 வீதத்தை உங்கள் 22,000க்குப் போட்டுப் பாருங்கள்: 17,600 வரும், 4,400 கையை விட்டுப் போகும். அதே கணக்கில் கராஜ் கதவும் இரும்பு முன்கதவும் செலவைவிடக் கூடுதலாகத் திருப்பித் தந்திருக்கின்றன. வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்துகிறவன் கண்ணில் முதலில் படுவது அவைதானே.

ஆனால் சைடிங்கின் மதிப்பை இந்த வீதக் கணக்கு முழுதாகக் காட்டாது. நல்ல சைடிங் விலையைப் பெரிதாகக் கூட்டாது, கெட்ட சைடிங் விலையை வெட்டும். இதை நான் காசு கொடுத்துத்தான் படித்தேன்.

2006இல் என் முதல் வீட்டுக்கு, ஆகக் குறைந்த விலை சொன்ன ஆட்களைப் பிடித்து வைனில் போட்டேன். மூன்று நாளில் முடித்துவிட்டார்கள், எனக்குப் பெருமை வேறு. அடுத்த ஆடி மாத வெயிலில் தெற்குச் சுவர் முழுக்க அலை அலையாகப் புடைத்தது. வைனில் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். அதனால் ஆணியைத் துளையின் நடுவில், இறுக்காமல் அடிக்க வேண்டும்; ஆணித் தலைக்கும் வைனிலுக்கும் இடையில் ஒரு பத்துச் சதக் குற்றியின் தடிப்பு இடைவெளி இருக்க வேண்டும். என் ஆட்கள் கதவுக்குப் பிணைச்சல் பூட்டுகிற மாதிரி இறுக்கிவிட்டிருந்தார்கள். அது கண்ணுக்குத் தெரிந்த பிழை. தெரியாத பிழை மேல் யன்னலுக்கு மேலே இருந்தது: தண்ணீரை வெளியே தள்ளும் தகட்டை வைக்காமலே மூடிவிட்டார்கள். விற்கிற நேரம் வாங்க வந்தவரின் பரிசோதகர் ஈரம் பார்க்கும் கருவியை உள்சுவரில் வைத்தார், கீச்சென்று சத்தம் போட்டது. பலகை உக்கிப்போயிருந்தது. 15,000 டொலர் குறைத்துத்தான் கையெழுத்து வைத்தேன். திருத்தச் செலவு அதில் பாதிகூட வந்திராது. மிச்சம் அவருடைய பயத்துக்கு நான் கொடுத்த விலை.

ஆகவே எதைப் போடுவது என்பதைவிட, இப்போது உள்ளே தண்ணீர் போகிறதா என்று பாருங்கள். பீலி நிரம்பி வழிகிறதா, யன்னலைச் சுற்றியுள்ள பசை வெடித்திருக்கிறதா, மழைக்குப் பிறகு உள்சுவரில் கறை தெரிகிறதா. இதில் எதுவும் இருந்தால் விலை ஏறுமா என்ற கேள்விக்கே இடமில்லை, உடனே செய்ய வேண்டியதுதான்.

படங்களில் நான் பார்த்த வரை உங்களுடையது அப்படித் தெரியவில்லை. கையால் தடவினால் வெள்ளைத் தூள் ஒட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அது பழைய பெயின்ட் வெயிலில் தூளாவது. தகடு பழுதாகிவிட்டது என்று அர்த்தமில்லை. நன்றாகக் கழுவி, அலுமினியத்துக்கு ஏற்ற பெயின்டை ஸ்ப்ரே பண்ணத் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். புதுச் சைடிங்கோடு பார்த்தால் செலவு மிகவும் குறைவு. ஐந்து வருடத்தில் விற்கிறவருக்கு அதுவே காணும் என்பது என் எண்ணம். ஃபைபர் சீமெந்து பார்க்க அழகு, நெருப்பும் பிடிக்காது. ஆனால் தெரு முழுக்க அலுமினியமும் வைனிலுமாக இருக்கும்போது உங்கள் வீட்டுக்கு மட்டும் அதற்கான விலையை யாரும் தரமாட்டார்கள். அதுவும் எங்கள் தமிழ் ஆட்கள் வாங்க வந்தால் சைடிங்கைத் திரும்பியும் பார்க்கமாட்டார்கள், "முழுச் செங்கல்லோ?" என்றுதான் கேட்பார்கள். அந்த ஆசையை நாம் இங்கிருந்தே பெட்டியில் கட்டிக்கொண்டு போகிறோம்.

வைனில்தான் என்று முடிவெடுத்தால் ஒன்று: பின்வளவில் காஸ் அடுப்பு வைத்து மீன் பொரிக்கிற பழக்கம் இருந்தால் அடுப்பைச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள். வைனில் உருகும். என் மச்சான் வீட்டில் தாச்சியின் அளவுக்கு ஒரு குழி இன்றைக்கும் இருக்கிறது.

இன்னொன்று விளையாட்டில்லை. அலுமினியத்துக்குக் கீழே அதைவிடப் பழைய சைடிங் இருக்கலாம், சில வேளை அஸ்பெஸ்டோஸ் கலந்த சீமெந்துத் தகடு. கொழும்பில் கூரைக்கு அஸ்பெஸ்டோஸ் சீற்றை மேசன்மார் வாளால் அறுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள், அந்தப் பழக்கத்தில் கை வைத்துவிடாதீர்கள். கனடா அதை 2018இல் தடை செய்துவிட்டது. சாம்பல் நிறத்தில் கடினமான தகடு கண்ணில் பட்டால் வேலையை நிறுத்தி, ஒரு துண்டை ஆய்வுகூடத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், அந்த 22,000 கொட்டேஷன் கதவைத் தட்டி வந்தவர் தந்தது என்கிறீர்கள். "இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை" என்றும் சொன்னாராம். வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை, காரணம் சொல்லாமலே 10 நாட்களுக்குள் ரத்துச் செய்ய ஒன்ராறியோச் சட்டம் இடம் தருகிறது. கையெழுத்து வைத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வைத்திருந்தால் இன்றைக்கே நாட்களை எண்ணிப் பாருங்கள். இல்லையென்றால் அவசரமே இல்லை, இன்னும் இரண்டு பேரிடம் விலை கேளுங்கள். யன்னலுக்கு மேலே தண்ணீரைத் தள்ளும் அந்தத் தகடு வைப்பார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

நான் அடுத்த கிழமை திரும்புகிறேன். அதற்குள் அங்கே மழை பெய்தால், மேல்மாடி அறைகளில் யன்னலுக்குக் கீழே உள்சுவரைப் படமெடுத்து அனுப்புங்கள். அப்பா ஒரு போத்தல் மாங்காய் ஊறுகாய் தந்திருக்கிறார், அதைக் கொண்டு வரும்போது ஏணியையும் காரில் போட்டுக்கொண்டு வருகிறேன்.